ரவுட்டரில் டவ்டெயில்: ஜிக்கைத் திருகும் முன் பலகையைப் பாருங்கள்

டவ்டெயில் என்பது புறா வால் வடிவ மர இணைப்பு. அதை ரவுட்டரால், அதாவது சுழலும் பிட்டால் மரத்தை வெட்டும் மெஷினால், வெட்டும்போது பலகைகளைப் பிடித்து வழிகாட்டும் சட்டம்தான் ஜிக். அந்த ஜிக்கை வாங்கிய புதிதில் எல்லாரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பட்டறைக்குக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் வருஷா வருஷம் இதைப் பார்க்கிறேன். கண்ணுக்குக் கவசம் போடாமல் வேலை செய்வது, மழுங்கிய பிட்டை வைத்து இழுப்பது இவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறு என்று எல்லாருக்கும் தெரியும்.

டிராயர் பெட்டிகளுக்குப் போடும் அரை மறைவு டவ்டெயிலைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. முன்பலகையின் முகத்தில் இணைப்பு தெரியாது, பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் வால்கள் தெரியும். வால் என்பது பக்கப்பலகையின் முனையில் வெட்டும் நுனி விரிந்த நாக்கு, அது முன்பலகையில் வெட்டிய குழியில் இறங்கும். 12 அங்குல ஜிக், 14 டிகிரி சாய்வுள்ள அரை அங்குல பிட், 7/16 அங்குல கைடு புஷ் (பிட்டைச் சுற்றி ரவுட்டரின் அடியில் மாட்டும் வழிகாட்டி வளையம்) என்ற ஜோடியை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஜிக்கின் அளவு வேறாக இருந்தால் அதன் கையேட்டைப் பின்பற்றுங்கள்.

பலகையில் கோளாறு, திருகுவது ஜிக்கை

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். காசு அதிகம் போவதும் இதில்தான்.

ஜிக்கைப் பொருத்தியபின் நம் கையில் இருக்கும் சரிசெய்தல்கள் இரண்டே. ஒன்று பிட்டின் ஆழம். ஆழம் கூடினால் இணைப்பு இறுகும், குறைந்தால் தளரும். 14 டிகிரி பிட்டில் ஆழத்தை 0.4 மி.மீ. மாற்றினால் பொருத்தம் கிட்டத்தட்ட 0.2 மி.மீ. மாறிவிடும். கையால் அழுத்தினால் இறங்கும் இணைப்புக்கும் சுத்தியல் கேட்கும் இணைப்புக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, டெம்ப்ளேட்டை, அதாவது ஜிக்கின் மேலே விரல் விரலாக இருக்கும் வழிகாட்டித் தகட்டை, உள்ளே வெளியே நகர்த்துவது. அது இறுக்கத்தைத் தொடாது. முன்பலகையில் குழி எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்யும். பக்கப்பலகை துருத்திக்கொண்டு நின்றால் குழி போதவில்லை, உள்வாங்கி நின்றால் குழி அதிகம்.

இந்த இரண்டும் வேலை செய்ய பலகைகள் ஒரே கனமாக, தட்டையாக, முனை சதுரமாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், எதைத் திருகினாலும் ஒரு மூலை சரியாகும், அடுத்த மூலை கெடும்.

பட்டறைக்கு வந்துகொண்டிருந்த ஒரு தம்பி, தன் வீட்டுச் சமையலறைக்குத் தேக்கில் டிராயர்கள் செய்ய ஆரம்பித்தார். பேக்கிங் பெட்டியிலிருந்து எடுத்த பைன் துண்டில் சோதித்துப் பார்த்தபோது அழகாக உட்கார்ந்தது. அந்தத் தைரியத்தில் மரவாடியில் இழைத்து வாங்கிய தேக்குப் பலகைகளை நேராக ஜிக்கில் ஏற்றிவிட்டார். முதல் மூலையில் பக்கப்பலகை துருத்தியது, டெம்ப்ளேட்டை நகர்த்தினார். அடுத்த மூலையில் அதே பலகை உள்வாங்கியது. மூன்றாவதில் வால் இறங்கவே இல்லை, ஆழத்தைக் குறைத்தார். நான்காவது லொடலொடவென்று ஆடியது. ஜிக் சரியில்லை, திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்று எனக்குப் போன் செய்தார். போய் வெர்னியர் வைத்துப் பார்த்தால், 12 மி.மீ. என்று வாங்கிய பலகைகளில் சில 11.4, சில 12.3. ஒரே பலகையின் இரண்டு முனைகளும்கூட ஒத்துப்போகவில்லை. நல்ல தேக்கு அத்தனையும் முனை வெட்டுப்பட்டுக் குட்டையாகிக் கிடந்தது. ஜிக்கில் ஒரு குறையும் இல்லை.

பக்கப்பலகையின் கனம் எவ்வளவோ, குழி அவ்வளவு உள்ளே போயிருந்தால்தான் இரண்டும் சமமாக நிற்கும். டெம்ப்ளேட்டை ஒருமுறை 12 மி.மீ.க்கு வைத்துவிட்டால் அது எல்லாக் குழிகளையும் 12 மி.மீ.க்குத்தான் வெட்டும். 11.4 பலகை உள்ளே போகும், 12.3 பலகை வெளியே நிற்கும். அதை ஜிக் எப்படிச் சரிசெய்யும்?

வளைவு இதைவிட மோசம், ஏனென்றால் அது கண்ணில் படாது. ஜிக்கில் டெம்ப்ளேட்டின் அடியில் படுத்திருக்கும் முன்பலகை நடுவில் அரை மில்லிமீட்டர் பள்ளமாக இருந்தால், நடுவில் இருக்கும் குழிகள் அந்த அளவுக்கு ஆழம் குறைந்து நின்றுவிடும். வால்கள் அடிவரை இறங்காமல் ஓரங்கள் மூடிக்கொள்ளும், நடுவே வாய் பிளந்து நிற்கும். நின்றிருக்கும் பக்கப்பலகையின் முனை டெம்ப்ளேட்டின் அடியைத் தொடாவிட்டாலும் கதை அதுதான்: வால் குட்டையாகும், நுனி ஒடுங்கும், இணைப்பு தளரும். உடனே ஆழத்தைக் கூட்டுகிறார்கள். அடுத்த பலகை சரியாகத் தொட்டு நிற்கிறது, அது இறங்க மறுக்கிறது. கிளாம்பை இன்னும் இறுக்கினால் வளைவு போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. வெட்டும்போது போகும், கழற்றியதும் திரும்பி வரும்.

அதனால் மரம் வந்த அன்றே வெட்டாதீர்கள். சற்றுக் கூடுதல் கனத்தில் வாங்கி, காற்றோட்டத்துக்குக் குச்சி வைத்து அடுக்கி, பட்டறையிலேயே ஓரிரு வாரம் கிடக்க விடுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. பிறகு ஒரு முகத்தைத் தட்டையாக்கி, அதை ஆதாரமாக வைத்து மறுமுகத்தை இழையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நிறைய இழைத்தால் பலகை திரும்பவும் வளையும், இரண்டு பக்கமும் சமமாக எடுங்கள். பக்கப்பலகைகள் அனைத்தையும் மெஷினில் ஒரே செட்டிங்கில், ஒரே மூச்சில் ஓட்டிவிட வேண்டும். நான்கு மூலையிலும் வெர்னியர் வைத்துப் பாருங்கள். குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் பள்ளம் தெரிந்துவிடும்.

ஜிக்கில் ஏற்றும்போதும் ஒரு வரிசை இருக்கிறது. பக்கப்பலகையைக் கொஞ்சம் உயர்த்தித் தளர்வாக நிறுத்துங்கள். முன்பலகையை அதில் முட்டவைத்து, டெம்ப்ளேட்டின் அடியைத் தொடுமாறு இறுக்குங்கள். அப்புறம் பக்கப்பலகையை முன்பலகையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். விரலால் தடவிப் பார்த்தால் மேடு பள்ளம் தட்டக் கூடாது.

வேறு மரத்தில் சோதிப்பது

பைன் மென்மையான மரம், நசுங்கிக் கொடுக்கும். அதில் இதமாக இறங்கிய பொருத்தம் தேக்கில் இறங்காது. பிளைவுட்டிலோ அடுக்கு பெயர்ந்து எதுவுமே புரியாது. வேலைக்கான பலகையிலிருந்தே, அதே கனம், அதே அகலத்தில் இரண்டு ஜோடித் துண்டுகளை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு சரிசெய்தல்தான்: முதலில் இறுக்கம், அது சரியான பிறகு மட்டம்.

பிட்டைக் கொலெட்டின் அடிவரை தள்ளுவது

கொலெட் என்பது ரவுட்டரில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி. அடியில் முட்டிய பிட்டை அது ஒழுங்காகப் பிடிக்காது. ஓட ஓட மெல்ல வெளியே நகரும், ஆழம் கூடும், மாலை வெட்டிய டிராயர் காலையில் வெட்டியதைவிட இறுகும். உள்ளே விட்டு, 2 மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள்.

பிட் சுழலும்போது ரவுட்டரைத் தூக்குவது

தூக்கவே தூக்காதீர்கள். பிட்டும் டெம்ப்ளேட்டும் சேர்ந்து போகும். சுவிட்சை அணைத்து, சுழற்சி நின்ற பிறகு கிடையாக உங்கள் பக்கம் இழுத்து எடுங்கள்.

புஷ் மையத்தில் இல்லாமல் ஓட்டுவது

புஷ்ஷைப் பிட்டின் நேர் மையத்தில் நிறுத்த உதவும் மையக் கூம்பு வைத்துப் பொருத்துங்கள். கூம்பு இல்லையா, ரவுட்டரைக் கையில் சுழற்றாமல் கைப்பிடியை ஒரே திசையில் வைத்தே எல்லா வெட்டையும் முடியுங்கள்.

முதல் இழுப்பிலேயே விரல்களுக்குள் நுழைவது

பக்கப்பலகையின் உள்முகம் சிராய் சிராயாகப் பெயரும். முதலில் வலமிருந்து இடமாக, 2 மி.மீ.க்கு மேல் போகாமல், விளிம்பை மட்டும் கீறிக்கொண்டு வாருங்கள். அந்தத் திசையில் ரவுட்டர் முன்னால் ஓடப் பார்க்கும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அதன்பின் இடமிருந்து வலமாக ஒவ்வொரு விரலுக்குள்ளும் போய் வாருங்கள்.

உள்பக்கம், வெளிப்பக்கம்

ஜிக்கில் நீங்கள் பார்க்கும் முகங்கள் இரண்டுமே டிராயரின் உள்முகங்கள். பென்சிலால் எழுதிவிடுங்கள். மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள மூலைகள் இரண்டும் ஜிக்கின் ஒரே பக்கத்தில் வெட்டப்பட வேண்டும், மற்ற இரண்டும் மறுபக்கத்தில்.

உயரத்தை வெட்டிய பிறகு யோசிப்பது

விரல்கள் 7/8 அங்குல இடைவெளியில் உள்ள ஜிக்கில் டிராயர் உயரத்தை அதன் மடங்காக வையுங்கள்: 3½, 4⅜, 5¼, 6⅛ அங்குலம். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி முடியும். அடித்தட்டுக்கான பள்ளம் முதல் வாலின் நடுவே ஓட வேண்டும், அப்போதுதான் வெளியே ஓட்டை தெரியாது.

பசை

ஃபெவிகால் மாதிரியான தண்ணீர்ப் பசை பட்டதும் வால் ஊதும். காய்ந்த நிலையிலேயே சுத்தியல் கேட்ட இணைப்பு, பசையோடு பாதியில் நின்றுவிடும். கையால் அழுத்தி, கடைசியில் மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால் மூடிக்கொள்ளும் அளவுதான் சரி. மூடியதும் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் வழியே கிளாம்பைச் சாய்த்து இழுத்தால் சதுரத்துக்கு வரும். பசை இறுகிய பிறகு வராது.