கையால் எழுதும் முதல் இணையப் பக்கம்: புளியந்தீவுக் கோட்டையும் எச்.ரி.எம்.எல்லும்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், இணையப் பக்கங்களை அமைக்கும் மொழியான எச்.ரி.எம்.எல்லின் ஒட்டுகளை, அதாவது பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் குறிச்சொற்களை, மனனம் செய்து பரீட்சை எழுதிய மாணவர்களை நிறையக் காண்கிறேன். ஆனால் தமிழில் ஒரு பக்கத்தைத் தாமே அமைத்து உலாவியில் திறந்து பார்த்தவர்கள் அவர்களுள் குறைவு. வழிகாட்டிகளை வாசித்துக்கொண்டே போவதால் இந்த மொழி கைவராது; வாசித்ததை அன்றே தட்டிப் பார்க்க வேண்டும். ஆகவே போர்த்துக்கேயர் 1628இல் அமைத்து, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றிய, மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் பற்றி நாம் ஒரு சிறு பக்கம் எழுதுவோம். ஒட்டுகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தருகிறேன். நீங்கள் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், கோண அடைப்புக்குறிகளுக்குள் தட்டுங்கள்.

முதலாம் படி: கோப்பை உருவாக்குதல்

விண்டோஸில் உள்ள எளிய எழுத்துச் செயலியான நோட்பேட்டைத் திறந்து, வெற்றுக் கோப்பை 'இன்டெக்ஸ்' என்ற பெயரில், புள்ளியும் எச்.ரி.எம்.எல் என்ற நான்கு எழுத்துகளும் பின்னொட்டாக வரும்படி சேமியுங்கள். சேமிக்கும்போது கோப்பு வகையை 'எல்லாக் கோப்புகளும்' என மாற்றாவிட்டால், பின்னொட்டுக்குப் பின்னால் இன்னொரு பின்னொட்டு ஒட்டிக்கொள்ளும். உலாவியும் அதை வெறும் எழுத்துக் கோப்பாகவே காட்டும்.

இரண்டாம் படி: எலும்புக்கூடு

முதல் வரியில் 'டொக்ரைப் எச்.ரி.எம்.எல்' அறிவிப்பை ஆச்சரியக்குறியுடன் இடுங்கள். அதன்கீழ் எச்.ரி.எம்.எல் ஒட்டு, அதனுள் ஹெட், அதை (பெயருக்கு முன் சாய்கோடு இட்ட ஒட்டால்) மூடியபின் பொடி. பக்கத்தைப் பற்றிய செய்திகள் ஹெட்டிலும், வாசகர் காணும் உள்ளடக்கம் பொடியிலும் அமையும். கடைசியாகத் திறந்த ஒட்டையே முதலில் மூட வேண்டும்.

மூன்றாம் படி: தமிழுக்கான ஏற்பாடு

இந்தப் படியைப் பல வழிகாட்டிகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. தமிழில் எழுதுபவருக்கோ இதுவே முதன்மையானது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் குறியீட்டு முறையான யூ.ரி.எஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. உலாவி அந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து வாசிக்காமல் தனித்தனி இலத்தீன் எழுத்துகளாக எடுத்துக்கொண்டால், 'மட்டக்களப்பு' என்ற சொல் புரியாத குறிகளின் குவியலாகிவிடும். ஆகவே மெட்டா ஒட்டில் 'சார்செற்' என்ற பண்புக்கு (ஒட்டினுள் கூடுதல் விவரம் தரும் சொல்லே பண்பு) யூ.ரி.எஃப்-8 என்ற பெறுமானத்தை இடுங்கள். இந்த வரி கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் வர வேண்டும் என்பதால், ஹெட்டின் முதல் வரியாகவே எழுதிவிடுவது நல்லது. நோட்பேட்டில் சேமிக்கும் குறியீட்டு முறையும் அதுவாகவே இருக்க வேண்டும்.

அடுத்து, எச்.ரி.எம்.எல் ஒட்டில் 'லாங்' என்ற பண்புக்கு ரி, ஏ ஆகிய இரண்டு எழுத்துகளைக் கொடுங்கள். அது பக்கத்தின் மொழி தமிழ் என அறிவிக்கிறது. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தெரிவு செய்வதற்கு இந்த அறிவிப்பு உதவுகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவேனும் இதை விடாமல் எழுத வேண்டும் என்பேன்.

நான்காம் படி: உள்ளடக்கம்

கோட்டையின் பெயரை எச்1 ஒட்டிலும், அதன் வரலாற்றைப் பி ஒட்டில் இரண்டு பந்திகளாகவும் எழுதுங்கள். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எச்1ஐப் பயன்படுத்தாதீர்கள். ஒட்டுகள் ஒவ்வொரு பகுதியும் என்ன என்பதைச் சொல்வதற்கே உரியவை, தோற்றத்தைக் கவனிப்பது சி.எஸ்.எஸ் மொழியின் வேலை. இந்த மொழியை உருவாக்கிய ரிம் பேர்னர்ஸ் லீ 1991இல் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமான சேர்ன் ஆய்வுகூடத்திலிருந்து விவரித்த தலைப்பு, பந்தி, பட்டியல், இணைப்பு ஆகிய ஒட்டுகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றை அறிந்தாலே இந்தப் பக்கத்துக்குப் போதும்.

படத்துக்கு ஐ.எம்.ஜி என்ற ஒட்டு உண்டு. அதன் 'ஓல்ட்' பண்பில், 'படம்' என்று மட்டும் எழுதாமல், 'வாவிக்கரையிலிருந்து தெரியும் கோட்டையின் மதில்' என்பதுபோல் காண்பதையே எழுதுங்கள். படம் இறங்காதபோது வாசகர் காண்பது அந்தச் சொற்களையே. படக் கோப்பின் பெயரில் இடைவெளி வேண்டாம். முழுவதும் சிற்றெழுத்தாகவும் இருக்கட்டும். விண்டோஸ் கணினி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தாது, ஆனால் பெரும்பாலான இணையச் சேவையகங்களில் இயங்கும் லினக்ஸ் வேறுபடுத்தும். வீட்டில் தெரிந்த படம் இணையத்தில் காணாமற்போவதற்கு இது ஒரு வழமையான காரணம்.

ஐந்தாம் படி: சரிபார்த்தல்

கோப்பை இருமுறை சொடுக்கி உலாவியில் திறந்து பாருங்கள். பக்கம் சரியாகத் தெரிவதால் அது பிழையற்றது என்று முடிவுசெய்ய இயலாது, ஏனெனில் மூடாமல் விட்ட ஒட்டுகளை உலாவி தானே ஊகித்துச் சமாளித்துவிடும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி நிறுவனத்தின் இலவசச் சரிபார்ப்புச் சேவையில் கோப்பை ஏற்றினால், பிழைகள் வரி எண்களுடன் கிடைக்கும். பட்டியலின் முதற் பிழையை மட்டும் திருத்தி மீண்டும் ஏற்றுங்கள். பெரும்பாலும் அதன்கீழுள்ள பல பிழைகள் அதிலிருந்தே கிளைத்தவையாக இருக்கும்.