விளம்பரத் தடுப்புச் செயலியை எந்தக் கடையிலிருந்து எடுப்பது?

ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள எல்லாச் செயலிகளிலும் விளம்பரத்தை நிறுத்தும் மென்பொருளைத் தேடி கூகுள் பிளேக்குப் போகிறவர்களுக்கு, உலாவிகளும் உலாவிக்குள் மட்டும் வேலை செய்யும் துணைக் கருவிகளும்தான் பெரும்பாலும் கைக்கு அகப்படும். முழு வல்லமை கொண்ட தடுப்பான்கள் அந்தக் கடைக்கு வெளியே இருக்கின்றன. அவை ஏன் வெளியே தள்ளப்பட்டன என்பது தெரியாமல், தேடலில் முதலில் கண்ணில் பட்ட ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நேரடியாக நிறுவ உதவும் கோப்பை, இறக்கி நிறுவுகிறவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். ஆகவே கூகுளுக்கும் தடுப்பான்களுக்கும் உள்ள பிணக்கு என்ன என்பதைப் புரிந்துகொண்டுவிட்டு வழிக்குப் போவோம்.

2013 மார்ச்சில் ஆட்அவே, ஆட்பிளாக் பிளஸ் உள்ளிட்ட பல தடுப்பான்களைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியது. உருவாக்குநர்களுடன் அது செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 4.4ஆம் பிரிவு, வேறொருவரின் சேவையிலோ வலைப்பின்னலிலோ குறுக்கிடும் செயலியைத் தடை செய்கிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். விளம்பர வருவாயை நம்பி இலவசச் செயலி எழுதுகிறவருடைய பிழைப்பை, அதே கடையில் விற்கப்படும் இன்னொரு செயலி கெடுக்கலாமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடையை நடத்தும் நிறுவனமே உலகின் மிகப் பெரிய விளம்பர நிறுவனமாகவும் இருக்கும்போது, அந்தத் தீர்ப்பை வழங்கும் இடத்தில் அது அமர்வது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. என் கருவிக்குள் எந்த முகவரியோடு பேச்சு நடக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எனக்குரியது.

எல்லை எங்கே வரையப்பட்டது என்பது 2016இல் தெளிவானது. சாம்சங் தன் உலாவியில் தடுப்பான்களுக்கு வாசல் திறந்துவிட்ட சில நாட்களிலேயே, அதற்காக எழுதப்பட்ட ஆட்பிளாக் ஃபாஸ்ட் என்ற செயலியைக் கூகுள் அதே 4.4ஆம் பிரிவைக் காட்டி நீக்கியது. எதிர்ப்பு எழுந்ததும் பிப்ரவரியிலேயே திரும்பச் சேர்த்தது. உலாவி தானே இடம் கொடுத்து, அதற்குள் நடக்கும் தடுப்புக்கு அனுமதி உண்டு, பிற செயலிகளின் போக்குவரத்தில் கை வைத்தால் அனுமதி இல்லை என்ற பாகுபாடு அப்போது நிலைபெற்றது. 2022 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விபிஎன் (கைபேசியின் இணையப் போக்குவரத்தை ஒரு செயலி வழியாகத் திருப்பும் வசதி) குறித்த விதி, பிற செயலிகளின் வருவாயைப் பாதிக்கும் வகையில் விளம்பரங்களைக் கையாள விபிஎன் வசதியைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை எழுத்திலேயே வைத்துவிட்டது. ஆட்கார்ட் என்ற தடுப்பானைப் பாருங்கள்: அதன் உலாவித் தடுப்பான் கூகுள் பிளேயில் இருக்கிறது, கைபேசி முழுவதற்குமான முதன்மைச் செயலியோ அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் கிடைக்கிறது.

எனவே உங்களுக்கு எந்த வகைத் தடுப்பு தேவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விளம்பரம் உங்களைத் தொந்தரவு செய்வது இணையதளங்களைப் படிக்கும்போது மட்டும்தான் என்றால், வெளிக்கடை எதற்கும் போக வேண்டியதில்லை. கூகுள் பிளேயிலேயே கிடைக்கும் ஃபயர்பாக்ஸை நிறுவி, அதன் நீட்சிகள் பகுதியில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானைச் சேர்த்தால் போதும். பக்கத்தின் உள்ளே புகுந்து வெற்றுக் கட்டங்களைக்கூட அகற்றும் திறன் இதற்கு உண்டு.

விளையாட்டுகளிலும் பிற செயலிகளிலும் வரும் விளம்பரங்கள்தான் சிக்கல் என்றால், இரண்டாவது வழியாக, தளத்தின் பெயருக்குரிய இணைய முகவரியைத் தேடித் தரும் சேவையான டிஎன்எஸ்ஸை நாமே தேர்ந்தெடுக்கும் தனிப்பட்ட டிஎன்எஸ் வசதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 9இலிருந்து இது கைபேசியிலேயே இருக்கிறது. அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குள் சென்று, தனிப்பட்ட டிஎன்எஸ் என்பதைத் தொட்டு, விளம்பர முகவரிகளை வடிகட்டும் சேவை ஒன்றின் பெயரை உள்ளிட்டால், செயலி எதையும் நிறுவாமலே பெரும்பகுதி விளம்பரம் நின்றுவிடும். நீங்கள் எந்தெந்தத் தளங்களின் முகவரியைக் கேட்கிறீர்கள் என்பது அந்தச் சேவைக்குத் தெரியும் என்பதால், நம்பகமான ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அவசியம். யூடியூப் விளம்பரங்கள் இந்த வழியில் நிற்காது. காணொளி வரும் அதே வழங்கிகளிலிருந்தே (சர்வர்) விளம்பரமும் வருவதால், முகவரியை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

எது தடுக்கப்பட வேண்டும், எது விடப்பட வேண்டும் என்பது முழுவதும் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்றால்தான் மூன்றாவது வகை, அதாவது ஆட்அவே போன்ற செயலி தேவைப்படும். ரூட் செய்யப்பட்ட, அதாவது இயங்குதளத்தின் முழு அதிகாரமும் பயனருக்குத் திறந்துவிடப்பட்ட கைபேசியில், தளப் பெயர்களுக்கு நேரான முகவரிகளை வைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பை இது மாற்றி எழுதும். விளம்பர வழங்கியின் பெயருக்கு நேராக ஒன்றுக்கும் உதவாத ஒரு முகவரியைப் போட்டுவைப்பதால், கேட்கிற செயலிக்கு அங்கேயே பாதை அடைபட்டுவிடும். ரூட் இல்லாத கைபேசியில், கருவிக்குள்ளேயே இயங்கும் ஒரு விபிஎன்னாக நின்று டிஎன்எஸ் கேள்விகளை வடிகட்டும். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன் மட்டுமே இயங்கும் என்பதால், அலுவலக விபிஎன் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

இந்த வகைச் செயலிகளுக்கு நான் பரிந்துரைக்கும் இடம், 2010 முதல் இயங்கிவரும் எஃப்-டிராய்ட் என்ற செயலிக் கடை. மூலநிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் விடும் கட்டற்ற மென்பொருள்களை மட்டுமே அது ஏற்கிறது. உருவாக்குநர் கொடுக்கும் கோப்பை அப்படியே வைத்துவிடாமல், வெளியிடப்பட்ட மூலநிரலிலிருந்து தானே செயலியைக் கட்டமைக்கிறது. விளம்பரத் தடுப்பு அங்கே குற்றமாகக் கருதப்படுவதில்லை என்பது மட்டுமல்ல, ஒரு செயலியில் விளம்பரமோ வேவு பார்க்கும் நிரலோ இருந்தால் அதையே எதிர்ப் பண்பு என்று குறித்துப் பயனரை எச்சரிக்கிறார்கள். ஒரு கடை எதைக் குறையாகக் கருதுகிறது என்பதைப் பார்த்தாலே, அது யாருக்காக நடத்தப்படுகிறது என்பது விளங்கிவிடும்.

உலாவியில் எஃப்-டிராய்டின் அதிகாரபூர்வத் தளத்தைத் திறந்து அதன் ஏபிகே கோப்பை இறக்குங்கள். ஆண்ட்ராய்டு 8இலிருந்து இத்தகைய அனுமதி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கேட்கப்படுகிறது என்பதால், அறியப்படாத செயலிகளை நிறுவ உலாவிக்கு அனுமதி தரலாமா என்று கைபேசி கேட்கும். அனுமதி கொடுத்து, நிறுவி முடித்தவுடன் உலாவிக்குக் கொடுத்த அனுமதியை மறக்காமல் திரும்பப் பெறுங்கள். அது திறந்தே கிடந்தால், நாளை ஏதோ ஒரு பக்கம் தானாக இறக்கிவிடும் கோப்பும் தவறுதலான ஒரு தொடலில் உள்ளே வந்துவிடும். அதன்பின் எஃப்-டிராய்டுக்கு மட்டும் அந்த அனுமதியைக் கொடுத்து, பட்டியல் புதுப்பிக்கப்படும்வரை காத்திருந்து, தடுப்பானின் பக்கத்தைத் திறங்கள். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, என்னென்ன அனுமதிகள் கேட்கிறது, எதிர்ப் பண்பு ஏதேனும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்ற மூன்றையும் படித்துவிட்டுத்தான் நிறுவும் பொத்தானைத் தொட வேண்டும்.

ஏற்கெனவே வேறிடத்திலிருந்து அதே செயலியை நிறுவியிருந்தால், புதுப்பிப்பு ஏறாமல் கையொப்பம் பொருந்தவில்லை என்ற செய்தி வரக்கூடும். கையொப்பம் என்பது கோப்பு யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் மின்னணு முத்திரை. எஃப்-டிராய்ட் தான் கட்டமைத்த கோப்பில் பெரும்பாலும் தன் சொந்தக் கையொப்பத்தையே இடுகிறது. உருவாக்குநரின் கையொப்பம் வேறு. இரண்டு கையொப்பங்கள் கொண்ட கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஆண்ட்ராய்டு தடுப்பது உங்கள் பாதுகாப்புக்காகத்தான். பழையதன் அமைப்புகளை ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு, அதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுவதே முறை. ஆனால் ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து எடுத்துவரும் செயலிக்கு இந்தச் செய்தி திடீரென வந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

போலிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தடுப்பான் என்ற பெயரே வஞ்சகர்களுக்கு நல்ல வேடமாக அமைந்துவிட்டது. 2019 நவம்பரில் மால்வேர்பைட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் விவரித்த ஒரு போலித் தடுப்பான், முதலில் பிற செயலிகளின் மேல் திரையிடும் அனுமதியைக் கேட்கும், அடுத்து விபிஎன் இணைப்புக்கு அனுமதி கேட்கும், பிறகு முகப்புத் திரையில் விட்ஜெட் ஒன்றைச் சேர்க்கச் சொல்லும். எல்லாம் முடிந்ததும் தன் சின்னத்தை மறைத்துக்கொண்டு, கைபேசி முழுவதும் விளம்பரத்தைக் கொட்டும். மெய்யான தடுப்பானுக்கும் விபிஎன் அனுமதி தேவைதான். ஆனால் பிற செயலிகளின் மேல் திரையிட அதற்கு வேலையே இல்லை. அந்த அனுமதியைக் கேட்கும் எந்தத் தடுப்பானையும் உடனே நீக்கிவிடுங்கள். பெரிய நிறுவனத்தின் கடை என்பதால் மட்டும் கவலை விட்டது என்று எண்ணிவிட வேண்டாம்; 2018இல் குரோம் நீட்சிக் கடையிலேயே ஐந்து போலித் தடுப்பான்கள் கண்டறியப்பட்டபோது, அவற்றை நிறுவியிருந்தோர் எண்ணிக்கை 2 கோடியைத் தொட்டிருந்தது.

நிறுவியபின் ஒரு வாரமாவது கூடவே இருந்து கவனிக்க வேண்டும். என் அம்மாவின் கைபேசியில் ஆட்அவேயை விபிஎன் முறையில் போட்டுக்கொடுத்த மறுநாள், அவருடைய வங்கிச் செயலி திறக்க மறுத்துவிட்டது. கைபேசியில் விபிஎன் இயங்கினால் ஒதுங்கிக்கொள்ளும் வகையில் அது எழுதப்பட்டிருந்தது. அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டியிருந்த நேரத்தில் அவர் பட்ட பதற்றத்துக்கு, முன்கூட்டியே சோதிக்காத நான்தான் பொறுப்பு. அன்றே ஆட்அவேயை நீக்கிவிட்டுத் தனிப்பட்ட டிஎன்எஸ் முறைக்கு மாற்றினேன். அதன்பின் சிக்கல் வரவில்லை. பிறருடைய கைபேசியில் இதைச் செய்கிறவர்கள் வங்கி, பணப் பரிமாற்றம், அலுவலகச் செயலிகள் அனைத்தையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டே கைபேசியைத் திருப்பிக் கொடுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு சிறு செயலி விளம்பரத்தை நம்பியே நடக்கிறது என்றால், அதன் கட்டணப் பதிப்பை வாங்கி அந்த உருவாக்குநரை ஆதரிப்பதும் நாம் செய்ய வேண்டியதே.

ஐபோனில் நிலைமை வேறு. சஃபாரி உலாவிக்கான தடுப்பான்களை ஆப்பிள் 2015இல் ஐஓஎஸ் 9 வழியாகத் தானே அனுமதித்துவிட்டதால், அவற்றை அதன் சொந்தக் கடையிலேயே எடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச் முதல் வெளிக்கடைகளும் உண்டு.

ஆண்ட்ராய்டில் இந்தப் பிணக்கு இன்னும் முடியவில்லை. அடையாளம் சரிபார்க்கப்பட்ட உருவாக்குநர் பதிவு செய்த செயலிகளை மட்டுமே கூகுளின் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவ முடியும் என்ற திட்டத்தைக் கூகுள் 2025 ஆகஸ்ட்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிவாக்குவது அத்திட்டம். உருவாக்குநர்களைப் பதிவு செய்யும்படி கட்டாயப்படுத்தவோ, அவர்களுடைய செயலிகளைத் தன் பெயரில் பதிவு செய்துகொள்ளவோ தன்னால் இயலாது என்று எஃப்-டிராய்ட் வெளிப்படையாக எதிர்த்தது. எதிர்ப்புகளுக்குப் பின், அபாயத்தை அறிந்த பயனர்கள் எச்சரிக்கைகளைக் கடந்து நிறுவிக்கொள்ள ஒரு வழி வைக்கப்படும் என்று நவம்பரில் கூகுள் கூறியது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் முதலில் வரும் என்பதால், எஃப்-டிராய்டையும் தேர்ந்தெடுத்த தடுப்பானையும் இப்போதே நிறுவி, அமைப்புகளின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கடை வெளியிடும் அறிவிப்புகளைத் தொடர்ந்து படித்துவாருங்கள்.