தபால் பெட்டியில் அப்பா பெயர்

பெர்லினில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. முகவரியை நகர அலுவலகத்தில் பதிந்தாகிவிட்டது. அதன்பின் 11 இலக்க வரி எண் தபாலில்தான் வரும். அது கைக்கு வராததால் முதல் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்புப்படி, அதாவது இருப்பதிலேயே அதிகமாக, பிடித்துவிட்டார்கள். வங்கி அட்டையும் வரவில்லை. தனிக் கடிதத்தில் வர வேண்டிய அதன் ரகசிய எண்ணும் இல்லை.

பதிவுச் சான்றில் முகவரியைச் சரிபார்த்தேன், பிழையே இல்லை. வரி எண்ணை மறுபடி அனுப்பச் சொல்லி இணையத்தில் விண்ணப்பித்தேன். அதுவும் தபாலில்தான் அனுப்புவார்களாம், அதே பெட்டிக்கு!

கடைசியில் எதிர்வீட்டுப் பெண்மணி என் பெட்டியைப் பார்த்து, "இதுதான் உங்கள் குடும்பப் பெயரா?" என்று கேட்டார். அங்கேதான் பிடி கிடைத்தது. ஜெர்மனியில் முகவரியில் பெரும்பாலும் வீட்டு எண் இருக்காது, கட்டட எண் மட்டும்தான். பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். கட்டடப் பராமரிப்பாளர் ஒட்டியிருந்தது என் பெயரை மட்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் இருப்பதோ அப்பா பெயர். கடிதங்கள் எல்லாம் அப்பாவைத் தேடி வந்து, ஆள் இல்லை என்று திரும்பியிருக்கின்றன.

அன்றே இரண்டு பெயரையும் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிட்டு, மீண்டும் விண்ணப்பித்தேன். முதலில் வங்கிக் கடிதங்கள் வந்தன, அப்புறம் வரி எண். எண்ணைக் கொடுத்ததும் கூடுதலாகப் பிடித்ததை அடுத்த சம்பளத்தில் சேர்த்துவிட்டார்கள். அப்பாடா! இனிஷியல் மட்டும் போட்டால் போதாது, பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயரையும் ஒட்டுங்கள்.