இண்டிகேட்டர் தாறுமாறாக அடிக்கிறதா? ரிலே வாங்கப் போகும் முன்

தூத்துக்குடியில் பழைய கார் வைத்திருப்பதும் உப்பு மூட்டைமேல் இரும்புப் பெட்டியை வைத்திருப்பதும் ஒன்றுதான். என் கார் 2006 மாடல். இன்ஜின் இன்னும் சமத்தாக ஓடுகிறது. ஒயரிங்தான் வேலை வாங்குகிறது. போன ஐப்பசி மழையில் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது, வாகைக்குளம் தாண்டி இடது பக்கம் ஒதுங்குவதற்காக இண்டிகேட்டர் போட்டேன். வழக்கமான டிக்... டிக்... கேட்கவில்லை. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி டிக்டிக்டிக்டிக் என்று அடித்துக்கொண்டு போனது.

மறுநாள் எலக்ட்ரீசியனிடம் விட்டேன். “ரிலே போயிடுச்சு சார்” என்று புதுசு மாட்டி 450 ரூபாய் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் ஒழுங்காக அடித்தது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. அந்த ஞாயிற்றுக்கிழமை நானே ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத் தெரிந்துகொண்டதும் அதற்குப் பிறகு அக்கம்பக்கத்துக் கார்களில் பார்த்ததும்தான் இது. இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் சின்னப் பெட்டிதான் ஃப்ளாஷர் ரிலே. அதைத் தனியாக வைத்த பழைய கார்களுக்கு இது அப்படியே பொருந்தும். புதிய கார்களில் இந்த வேலையை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பார்க்கிறது. அங்கே பல்ப், ஹோல்டர், எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) வரை கை வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

எதையும் கழற்றுவதற்கு முன் காதைக் கொடுங்கள். வண்டியை நிறுத்தி, சாவியை ஆன் செய்து, ஒரு பக்க இண்டிகேட்டர் போட்டு 15 விநாடிக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 60-இலிருந்து 120-க்குள் இருக்க வேண்டும். என் காரில் வலது பக்கம் 84. இடது பக்கம் 164.

ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால் ரிலேமேல் பழி போடாதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ரிலேதான். அது கெட்டிருந்தால் வலது பக்கம் மட்டும் எப்படி ஒழுங்காக அடிக்கும்? முன்னால் 21 வாட், பின்னால் 21 வாட், பக்கவாட்டில் 5 வாட் என்று தன் வழியாகப் போகும் கரண்டை ரிலே கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரு 21 வாட் பல்ப் எரியாவிட்டால் கரண்ட் பாதியாகக் குறையும். உடனே ரிலே வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி டிரைவருக்குச் சொல்லும். அதாவது அந்த டிக்டிக்டிக் கோளாறு இல்லை, புகார். இன்னும் பழைய, சூட்டில் வளையும் தகடு வைத்த ஃப்ளாஷர் என்றால் நேர்மாறு: பல்ப் போனால் மெதுவாக அடிக்கும், அல்லது அடிக்காமல் எரிந்துகொண்டே நிற்கும்.

அடுத்தது ஹசார்ட் ஸ்விட்ச், நாலு மூலை இண்டிகேட்டரையும் ஒன்றாக அடிக்க வைப்பது. நாலையும் போட்டுவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்த மூலை எரியவில்லையோ, எது மங்கலோ, வேலை அங்கேதான். (நாற்சந்தியில் நேராகப் போவதற்கு நாலையும் போடும் நம்ம ஊர்ப் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவனுக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்கம்தான் தெரியும். நீங்கள் அவன் பக்கம் திரும்பப் போவதாகத்தான் நினைப்பான்.)

எரியாத பல்பைக் கழற்றுங்கள். லேசாக அமுக்கி இடப்பக்கம் திருப்பினால் வரும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் கதை முடிந்தது, முப்பது நாற்பது ரூபாய். ஆனால் மாற்றும்போது ஒன்று: ஆரஞ்சு நிறப் பல்பின் இரண்டு முளைகளும் நேரெதிராக இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். விளக்கின் வெளிக்கண்ணாடி நிறமற்றதாக இருந்தால் ஆரஞ்சுப் பல்ப்தான் போட வேண்டும். கையில் இருக்கும் வெள்ளைப் பல்பை முளையை ராவி நுழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இண்டிகேட்டர் வெள்ளையாக அடிக்கும். வெயிலில் யாருக்கும் புரியாது.

என் பல்பில் கம்பி அறுந்திருக்கவில்லை. துடைத்து மாட்டினால் சரியாக அடித்தது, டிக்கியைச் சாத்தினால் மறுபடி தையல் மெஷின். அப்போதுதான் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளைப் பின்னால் நிற்கச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து இடது இண்டிகேட்டரைப் போட்டேன்.

“அப்பா, ஆரஞ்சு சரியா எரியல. சிவப்பு லைட்டுதான் கண்ணடிக்கு.”

இண்டிகேட்டரை அணைத்துவிட்டு பிரேக்கை மிதித்தேன். டேஷ்போர்டில் இடது பச்சை அம்பு மினுக்கென்று தெரிந்தது. பிரேக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இருக்கக் கூடாது. இருந்தால் எர்த் போய்விட்டது என்று அர்த்தம். பின்பக்க விளக்குக் கூட்டில் இண்டிகேட்டர், பிரேக், டெயில் மூன்றுக்கும் கரண்ட் திரும்பிப் போக ஒரே எர்த் ஒயர். அந்த வழி அடைபட்டால் கரண்ட் சும்மா இருக்காது. பக்கத்துப் பல்பின் கம்பி வழியாகப் புகுந்து, எங்கெங்கோ சுற்றி, வேறொரு விளக்கின் எர்த்தைத் தேடிப் போகும். அதனால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிகிறது. ஆள் துணை இல்லையென்றால், இரவில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்துங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தைக் கண்ணாடியிலேயே பார்த்துவிடலாம்.

உறுதிப்படுத்த ஒரு முழ ஒயர் போதும். ஒரு முனையை ஹோல்டரின் எர்த் பின்னில் வைத்து, மறுமுனையைப் பெயின்ட் இல்லாத வெற்று இரும்பில் அழுத்துங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்து வேகமும் நிதானத்துக்கு வந்தால் திருடன் அகப்பட்டான். எனக்கு 164 அந்த நிமிடமே 84-க்கு இறங்கியது. எலக்ட்ரீசியன் போட்ட ரிலே எப்படி இரண்டு நாள் வேலை செய்தது என்பதும் அப்போது விளங்கியது. சோதிப்பதற்காக அவர் பின் பல்பையும் கழற்றி மாட்டியிருப்பார். அந்த அசைவில் எர்த் கொஞ்சம் பிடித்திருக்கும்.

டிக்கியின் உள் அட்டையை நீக்கி அந்தக் கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பாடியில் ஒரு பத்து நம்பர் போல்ட்டில் முடிந்தது. அடியில் இருந்த வளையத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, கோயில் மணியில் படிந்திருக்குமே அதே நிறம். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் பாடியையும் உப்புத்தாளால் பளபளவென்று வரும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். வாசலின் இறுக்கிய பிறகுதான். ஹோல்டருக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டையும் தேய்த்து, லேசாக மேலே தூக்கிவிட்டேன். மொத்தச் செலவு ஓர் உப்புத்தாள். பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு இந்த வேலையைச் செய்யுங்கள்.

சரி, இரண்டு பக்கமுமே செத்துக் கிடந்தால்? ஹசார்ட் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஹசார்டுக்கு பேட்டரியிலிருந்து நேர் வழி, இண்டிகேட்டருக்குச் சாவி வழி. ஹசார்ட் அடித்து இண்டிகேட்டர் அடிக்கவில்லையென்றால் பல்பும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, ஃபியூஸைப் பாருங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. போன ஃபியூஸுக்கு அதே நிறத்தையே போடுங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஹசார்ட் ஸ்விட்சை இருபது முப்பது தடவை அமுக்கி அமுக்கி எடுங்கள். கேலி செய்யவில்லை: பல கார்களில் இண்டிகேட்டர் கரண்ட் அந்த ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. வருஷக்கணக்கில் தொடாமலே கிடந்தால் உள்ளே அழுக்கு ஏறிவிடும். எதிர்வீட்டு அண்ணாச்சியின் கார் இப்படித்தான் சரியானது.

ஹசார்டும் இல்லை, ஃபியூஸும் நன்றாக இருக்கிறது என்னும்போதுதான் ரிலேயின் முறை. அதைப் பிடுங்கினால் அடியில் பி, எல், ஈ என்றோ, அதே வரிசைக்கு 49, 49ஏ, 31 என்றோ எழுதியிருக்கும். சாக்கெட்டில் பி-யையும் எல்-ஐயும் ஒரு சின்ன ஒயரால் இணைத்து, சாவியை ஆன் செய்து, இண்டிகேட்டர் போடுங்கள். விளக்குகள் சிமிட்டாமல் நின்று எரிந்தால் ரிலேதான் குற்றவாளி. ஈ என்பது எர்த், அதைத் தொட்டுவிடாதீர்கள். நான் தொட்டேன். படக் என்று ஒரு சத்தம், ஒரு ஃபியூஸ் நஷ்டம்.

எல்இடி பல்ப் போட்ட பிறகு வேகமாக அடிக்கத் தொடங்கினால் எதுவும் கெடவில்லை. எல்இடி மிகக் குறைவாகக் கரண்ட் எடுப்பதால், பல்ப் போய்விட்டது என்று ரிலே நினைத்துக்கொள்கிறது. இதற்குக் கடையில் ரெசிஸ்டர் கொடுப்பார்கள். 6 ஓம் ரெசிஸ்டர் 12 வோல்ட்டில் 24 வாட்டைச் சூடாகவே கக்கும். பிளாஸ்டிக் பக்கத்தில் வைத்தால் உருகும். எல்இடிக்கென்றே விற்கும் ரிலேயை மாற்றிவிடுவது மேல்.

திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டர் தானாக அணையவில்லையென்றால் அது ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லின் தேய்மானம். ஏர்பேக் உள்ள வண்டியில் அந்த மூடியை வீட்டில் வைத்துக் கழற்ற வேண்டாம், ஒர்க்‌ஷாப்புக்கே போங்கள். என் வண்டியில் ஏர்பேக் கிடையாது, ஆனாலும் நான் தொடவில்லை. ஆறு மாதமாகக் கையால்தான் அணைத்துக்கொண்டிருக்கிறேன்.