சந்தை விலை அட்டவணையைப் பட்டியலாக்கிய விதம்

அத்தானுக்கு யாழ்ப்பாணத்தில் மரக்கறி மொத்த வியாபாரம். அவருடைய எக்செல் விலைத்தாளில் மரக்கறிகள் ஏ நிரலில் கீழ்நோக்கி இருக்கும். திருநெல்வேலி, சுன்னாகம், கொடிகாமம், சாவகச்சேரி என 4 சந்தைகளும் முதல் நிரையில். பார்க்க வடிவான தாள்தான். ஆனால் சந்தை வாரியாக வடிகட்டவோ பிவட் (தொகுப்பு அட்டவணை) போடவோ சரிவராது. அதற்கு மரக்கறி, சந்தை, விலை என்று மூன்றே நிரல்கள் வேண்டும்.

வெட்டி ஒட்டலாம். ஆனால் விலை அடுத்த நாளே மாறிவிடும். ஆகவே சூத்திரம்தான் வழி.

புதிய தாளில் இரண்டாம் நிரையில் தொடங்கினேன். நிரையின் எண்ணைத் தரும் ரோ (ROW) சார்பின் விடையில் 2ஐக் கழித்து, 4ஆல் வகுத்து, தசமத்தை நீக்கும் இன்ட் (INT) போட்டு 1 கூட்டினால் எத்தனையாவது மரக்கறி என்று வரும். ஒவ்வொரு பெயரும் நான்கு தரம் வந்த பிறகே அடுத்தது. 2ஐக் கழித்து வந்த அதே எண்ணை 4ஆல் வகுக்கும்படி, மீதியைத் தரும் மோட் (MOD) சார்பிடம் கொடுத்தால் மீதி 0, 1, 2, 3 எனச் சுற்றும்; 1 கூட்டினால் சந்தையின் இடம். இவற்றை, சொன்ன இடத்தில் இருப்பதை எடுத்துத் தரும் இன்டெக்ஸிடம் (INDEX) கொடுக்க, பெயர்கள் வந்துவிட்டன. விலைக்கு இன்டெக்ஸுக்குள் இரண்டு மேட்ச் (MATCH, ஒன்று எத்தனையாவது இடத்தில் உள்ளது என்று சொல்லும் சார்பு): ஒன்று மரக்கறியைத் தேடும், மற்றது சந்தையை. சூத்திரத்தில் வரும் கல வீச்சுகளுக்கு டொலர் குறி ($) கட்டாயம். இல்லாவிட்டால் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அவையும் நகரும்.

அப்புறம், வெறும் கலத்தை இன்டெக்ஸ் 0 என்று காட்டும். “கத்தரிக்காய் சும்மா குடுக்கிறாங்களோ?” என்று அத்தான் சிரித்தார். கலம் வெறுமையா என்று பார்க்கும் இஃப் (IF) போட்டு அதை வெறுமையாக்கினேன். எக்செலில் உள்ள பவர் குவெரி என்ற தரவு மாற்றும் கருவியிலும் இதைச் செய்யலாம். ஆனால் விலை மாறினால் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அத்தான் அழுத்தமாட்டார்.