பத்தாயம் பார்க்கப் போகுமுன் பட்டாவைப் பாருங்கள்

எங்கள் வீட்டுப் பத்தாயத்தை, அதாவது நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டியைப் பார்க்கலாம் என்று பொங்கலுக்கு மெல்போர்னிலிருந்து மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய் 16 நாள் இருந்தேன். அரசு விடுமுறையும் சனி ஞாயிறும் போக மிஞ்சிய 9 நாளும் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் கழிந்தன.

கிளம்புமுன் போனில், "பத்தாயத்தை யாரும் தொடலப்பா" என்றார் சித்தப்பா. நான் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதை அப்போதே புரிந்திருக்க வேண்டும். போய்ப் பார்த்தால் பத்தாயத்துப் பலகைகள் காரைக்குடிக்குப் போய்விட்டன, பழம்பொருள் வியாபாரிக்கு. மண் குதிர் இரண்டும் 2018 கஜா புயலில் கொட்டகைக் கூரை விழுந்தபோதே நொறுங்கிவிட்டனவாம்.

சரி, நின்ற சுவரையாவது படம் எடுக்கலாம் என்றால், "இடம் இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கு, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு" என்றார் சித்தப்பா. அந்த ஒரு கையெழுத்துக்கு வாரிசுச் சான்று வேண்டும், அதற்குத் தாத்தாவின் இறப்புச் சான்று வேண்டும், அவர் இறந்ததை யாரும் பதியவே இல்லை, ஓர் ஆண்டு தாண்டினால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், நடுவில் என் ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், ஆக நான் யார் என்பதற்கே தனியாக ஒரு சான்று. "வெளிநாட்டுல இருக்கீங்க, இதெல்லாம் அப்பவே பாத்திருக்கணும் சார்" என்றார் தாலுகா ஆபீஸில் இருந்தவர். கோபம் வந்தது. பதில் வரவில்லை.

ஆகவே பொங்கல் வாரத்தில் ஆபீஸ் வேலை வைக்காதீர்கள், மூன்று நாள் விடுமுறை. இருக்கும் ஊரிலேயே இந்தியத் தூதரகத்தில் பவர், அதாவது நமக்குப் பதில் இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம், எழுதி அனுப்பலாம்; பத்திரம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். நான் கடைசி நாளில்தான் சித்தப்பாவுக்குப் பவர் கொடுத்தேன்.

அவரைத் திட்டவும் மனசில்லை. மெஷின் அறுத்த நெல் ஈரம் காயுமுன் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது, சாப்பாட்டுக்குக் கடை அரிசி மூட்டை, விதைக்கு வேளாண்மை டெப்போ. பத்தாயத்தில் எதைப் போட்டு வைப்பது? அப்பா கருமாதிக்கு வந்தபோது அது கூடத்துக்குப் பின்னால் முழுசாக இருந்தது. நாலே நாள் நின்றேன், மூடியைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

பழைய களஞ்சியம் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்தது நிற்கிறது, ஸ்ரீரங்கத்தில் வட்ட வட்டமாகவே இருக்கின்றன. அங்கே யாரும் உங்களிடம் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள்.

அப்புறம், கிளம்பும்போது சித்தப்பா நெல் அளக்கும் பழைய மரக்காலை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவுக்கு மரச்சாமான் கொண்டுவந்தால் பயணிகள் வருகை அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும், எழுதினேன். அடிவளையத்து இடுக்கில் ஐந்தாறு நெல் ஒட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை, ஏர்போர்ட்டில் பார்த்தார்கள். மரக்காலைத் தந்துவிட்டு நெல்லை வாங்கிக்கொண்டார்கள்.