இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குக் கிளம்பும் முன்: மருந்து கிடைக்குமா என்று நாமே பார்த்துக்கொள்வது எப்படி?

புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் மச்சான், லீவு போட்டுவிட்டு அத்தையைப் பிரஷர் மாத்திரை வாங்க இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, "அம்மா பேரே லிஸ்ட்ல இல்லையேப்பா" என்றார்கள். ஒரு நாள் சம்பளம் போனது. வெளியே மருந்துக்கடையில் காசும் போனது. வீட்டிலிருந்தே பத்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

முதலில் சம்பளச் சீட்டை எடுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 18,400 ரூபாய் சம்பளம் என்றால் உங்களிடம் 138 ரூபாய் பிடித்திருக்க வேண்டும். ஓவர்டைம் சேர்ந்து 21,000-ஐத் தாண்டிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்க மாட்டார்கள்.

அடுத்தது பத்து இலக்க ஐ.பி. நம்பர், அதாவது உங்கள் காப்பீட்டு எண். சம்பளச் சீட்டிலேயே பெரும்பாலும் இருக்கும், இல்லாவிட்டால் எச்.ஆரிடம் கேளுங்கள். இந்தத் திட்டத்தை நடத்தும் இ.எஸ்.ஐ.சி. இணையதளத்தில் தொழிலாளர்களுக்கான லாகினில் இந்த நம்பரைப் போட்டு உள்ளே போகலாம், மத்திய அரசின் உமங் ஆப்பிலும் பார்க்கலாம். பதிவு செய்த மொபைல் கையில் இருக்கட்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

உள்ளே போனதும் சந்தா (உங்கள் பங்கும் முதலாளி பங்கும்) விவரத்தைப் பாருங்கள். ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள், இங்கே அந்த மாதம் காலியாக இருக்கிறது என்றால், சம்பளச் சீட்டோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுங்கள். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம்.

இனி பலரும் கோட்டை விடும் இடம். "வேலையை விட்டாச்சு, இனி கார்டு செல்லாது" என்று நினைத்து அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. சந்தாக் காலம் இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. முதல் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், அடுத்த வருடம் ஜனவரி முதல் ஜூன் வரை மருத்துவம் உண்டு. இரண்டாவது காலத்துக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. பல வருடமாக வேலை பார்த்தவர் ஆகஸ்ட் கடைசியில் நின்றுவிட்டார் என்று வையுங்கள். டிசம்பர் வரை பழைய சந்தா தாங்கும். அதன் பிறகு ஏப்ரல்–ஆகஸ்ட் சந்தா அவரை ஜூன் 30 வரை கொண்டுபோய் விடும். சுகர் மாத்திரை தினமும் போடுகிறவருக்கு இது சின்ன விஷயமா?

நடுவில் இன்கிரிமென்ட் வந்து 21,000-ஐத் தாண்டினாலும் அந்த ஆறு மாதச் சந்தாக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். அதற்குரிய பலனும் தொடரும். புதிதாகச் சேர்ந்தவரும் காத்திருக்க வேண்டியதில்லை, முதல் நாளிலிருந்தே மருந்து உண்டு.

சரி, அத்தை விஷயத்துக்கு வருவோம். குடும்ப விவரப் பகுதியில் ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், நம்மை நம்பியிருக்கும் அம்மா அப்பா எல்லாரும் சேரலாம். பெற்றோருக்கு எல்லா வழியிலும் சேர்த்து மாத வருமானம் 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெயர் இல்லையென்றால் ஆதாரையும் போட்டோவையும் எச்.ஆரிடம் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எந்த டிஸ்பென்சரி என்பதையும் கவனியுங்கள். நீங்கள் வேலைக்காகப் புதுச்சேரியில் தங்கி, குடும்பம் கடலூரில் இருந்தால், அவர்களுக்கு அங்கேயே தனி டிஸ்பென்சரி போட்டுக்கொள்ளலாம். அம்மாவைப் பஸ்ஸில் இழுத்தடிக்க வேண்டியதில்லை.

எல்லாம் சரியாக இருந்தால் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கார்டு, ஆதார், பழைய மருந்துச் சீட்டு. மச்சான் இந்த முறை மூன்றையும் அத்தையின் மஞ்சப்பையில் முந்தின இரவே போட்டு வைத்துவிட்டான்.